கிரவுட்ஃபண்டிங்கில் இறங்கலாமா? வீடியோ எடுப்பதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கிரவுட்ஃபண்டிங், அதாவது இணையத்தில் பலரிடம் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டுவது என்றதும், ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கும் பலர் முதலில் கேட்பது, "எவ்வளவு திரட்டலாம்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. திரட்டியதில் கையில் எவ்வளவு நிற்கும்? அதற்கு எத்தனை மாத உழைப்பு போகும்? இரண்டுக்குமான விடையை ஒரே தாளில் எழுதிவிடலாம். வீடியோ, பக்க வடிவமைப்பு, விளம்பரம் எதற்கும் கைவைப்பதற்கு முன் அந்தத் தாளை முடித்துவிடுங்கள். கணக்கு உதைத்தால் அங்கேயே நின்றுகொள்ளலாம், போனது இரண்டு வாரம்தான். ஆயிரம் பேரிடம் பணம் வாங்கிய பிறகு கணக்கு உதைத்தால் இரண்டு வருடம் போகும், பெயரும் போகும்.

எந்தக் கிரவுட்ஃபண்டிங் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நன்கொடை, சிறு கடன், பங்கு விற்பனை, முன்கூட்டியே பொருள் விற்பது என நான்கு வெவ்வேறு வேலைகள் இந்த ஒரே பெயரில் ஓடுகின்றன. ஸ்டார்ட்அப்புகளுக்குப் பொருந்துபவை பெரும்பாலும் கடைசி இரண்டும்.

பங்கு விற்பனை என்பது சட்டப்படி முதலீடு திரட்டுவது. இதற்கு நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்காவில் 2012-இல் வந்த ஜாப்ஸ் சட்டத்தின் கீழ் 2016 மே மாதத்திலிருந்து பொதுமக்களிடம் சிறு தொகைகளில் பங்கு விற்க அனுமதி உண்டு. 12 மாதத்துக்கான உச்சவரம்பு 2021-இல் 50 லட்சம் டாலராக உயர்ந்தது. சில நாடுகளில் இந்த வழிக்கே அனுமதி இல்லை. இந்தப் பாதையில் போவதென்றால் முதல் செலவு வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும்தான். இனி இங்கே பேசப்போவது நான்காவது வகையை, கிக்ஸ்டார்ட்டர், இண்டிகோகோ போன்ற தளங்களில் நடக்கும் முன்விற்பனையை.

இந்த வகையில் பணம் தருபவருக்குப் பங்கு கிடையாது. ஆக்யுலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர் காட்சிக் கண்ணாடி 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் 24 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. 2014-இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஆதரித்தவர்களுக்கு அதில் ஒரு காசு பங்கும் இல்லை. நிறுவனரின் பக்கமிருந்து பார்த்தால் பெரிய கவர்ச்சியே இதுதான்: உங்கள் பங்கு முழுசாக உங்களிடமே இருக்கும். அதற்கு ஈடாக, ஒவ்வொரு ஆதரவாளரும் ஏற்கெனவே காசு கட்டிவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர் ஆகிறார். வந்த பணத்தை லாபம் என்றோ மூலதனம் என்றோ எண்ணினால் அந்த இடத்திலேயே கணக்கு பிசகும். பொருள் போய்ச் சேரும்வரை அது கடன்.

உங்கள் நாட்டிலிருந்து கேம்பெய்ன் (தளத்தில் பக்கம் திறந்து குறித்த நாளுக்குள் பணம் திரட்டுவது) போடவே முடியுமா என்பதை முதல் நாளே பார்த்துவிடுங்கள். கிக்ஸ்டார்ட்டரில் ஆதரவாளராகப் பல நாட்டவரும் சேரலாம். கேம்பெய்ன் தொடங்க அனுமதியுள்ள நாடுகளோ சுமார் இரண்டு டஜன்தான். அந்த நாடுகளில் ஒன்றில் பதிவும் வங்கிக் கணக்கும் வேண்டும். அதற்காக வெளிநாட்டில் ஒரு நிறுவனம் பதிவு செய்தால், அதற்கான ஆண்டுச் செலவும் வரிக் கணக்குத் தாக்கலும் தாளில் ஏற வேண்டும்.

பொருள் தோதானதா?

இதை நீட்ட வேண்டியதில்லை. கையில் எடுத்துக் காட்டக்கூடியதாக, ஒரு நிமிட வீடியோவில் புரிவதாக, பெட்டியில் போட்டு அனுப்பக்கூடியதாக, இதுவரை கடையில் கிடைக்காததாக இருந்தால் தோது. போர்டு கேம், வடிவமைப்புப் பொருட்கள், கருவிகள், புத்தகங்கள் எல்லாம் இந்த வகை. நிறுவனங்களுக்கு விற்கும் மென்பொருள், சந்தா சேவை, மருத்துவ அனுமதி தேவைப்படும் சாதனம், ஒரு ஊருக்குள் மட்டும் பயன்படும் சேவை ஆகியவை தோது இல்லை. கிக்ஸ்டார்ட்டர் 2012-லிருந்தே வன்பொருளுக்கு வேலை செய்யும் ப்ரோட்டோடைப் (முன்மாதிரி) கேட்கிறது. கணினியில் வரைந்த, அசல் போலவே தோன்றும் படங்களை அது ஏற்பதில்லை. ப்ரோட்டோடைப் இன்னும் தயாராகவில்லை என்றால் இந்தக் கட்டுரையின் மீதியை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் போதும்.

ஒரு பெட்டியின் கணக்கு

இதுதான் முழு முடிவின் அச்சாணி. எடுத்துக்காட்டுக்கு ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொள்வோம். விலை 80 டாலர், டெலிவரி உட்பட. எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் மேற்கோள் விலைகளை வாங்கி அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விளக்குக்கு வெளியே போவது:

- தளத்தின் கட்டணம் 5%: 4.00
- கார்டு கட்டணம் 3%, அதோடு 20 சென்ட்: 2.60
- தயாரிப்பு: 28.00
- பெட்டி, உள் பேக்கிங்: 2.00
- கூரியர், சராசரி: 16.00
- உடைந்தது, தொலைந்தது, மாற்றிக் கொடுத்தது. தயாரிப்பு, பேக்கிங், கூரியர் மூன்றின் கூட்டுத்தொகையில் 5%: 2.30
- விளம்பரம். பாதிப்பேர் விளம்பரம் வழியாக, ஆளுக்கு 20 டாலர் செலவில் வருவதாக வைத்தால் சராசரி: 10.00

கூட்டினால் 64.90. மிச்சம் 15.10 டாலர்.

இனி, எத்தனை பேர் வாங்கினாலும் மாறாத செலவுகள். மோல்டு (பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் உலோக அச்சு) 9,000, சான்றிதழ் சோதனைகள் 6,000, வீடியோ, புகைப்படம், மாதிரிகள் 4,000. மொத்தம் 19,000 டாலர்.

19,000-ஐ 15.10-ஆல் வகுத்தால் 1,258.3 வருகிறது. அதாவது 1,259 பேர் வாங்கினால்தான் முதல் தேறும். திரட்ட வேண்டிய இலக்கு 1,00,720 டாலர். 500 பேர் வாங்கி 40,000 டாலர் திரண்டால் பார்ப்பவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் உங்களுக்கு 11,450 டாலர் நஷ்டம். இதில் உங்கள் சம்பளம் என்று ஒரு காசுகூட இன்னும் போடவில்லை.

இப்போது விலையை மட்டும் 95 டாலராக்குங்கள். தளம், கார்டு கட்டணம் சேர்த்து 7.80 ஆகிறது. மற்றவை அப்படியே 58.30. மிச்சம் 28.90. வேண்டியவர்கள் 658 பேர், இலக்கு 62,510 டாலர். பதினைந்து டாலர் ஏற்றியதில் தேவைப்படும் கூட்டம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கிரவுட்ஃபண்டிங்கில் அதிகமாக நடக்கும் தவறு விலையைக் குறைத்து வைப்பதுதான். முதலில் வருபவர்களுக்குச் சலுகை விலை என்று 60-க்கும் 65-க்கும் தருவதற்கு முன் இந்த வகுத்தலை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 65 டாலருக்கு விற்றால் கட்டணங்கள் போக ஒரு விளக்குக்கு இரண்டு டாலருக்குள்தான் மிஞ்சும். அதை வைத்து மோல்டு செலவை எடுக்கவே முடியாது.

இது வெறும் தாள் பயம் இல்லை. கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ்பெட்டி 2014-இல் கிக்ஸ்டார்ட்டரில் 62,642 பேரிடம் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கும் மேல் திரட்டியது. அந்த நேரத்தில் தளத்தின் சாதனையே அதுதான். வாங்கிய விலை தயாரித்து அனுப்பும் செலவுக்குப் போதவில்லை. ஒரு கட்டத்தில், சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று ஆதரவாளர்களிடமே கேட்கவேண்டி வந்தது. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை. தலைக்கு நஷ்டம் தரும் விலையில் கூட்டம் பெருகினால் நஷ்டமும் அதே வேகத்தில் பெருகும்.

இலக்குத் தொகையை ஆசைக்கு வைக்காதீர்கள், கணக்கில் வந்த எண்ணையே வையுங்கள். சிறிய இலக்கு வைத்து, "சில மணி நேரத்திலேயே எட்டிவிட்டோம்" என்று காட்டும் உத்தி பரவலாக உண்டு. வேறு பணம் கையில் இருப்பவர்களுக்கு அது சரி. இல்லாதவர்களுக்கு அது கண்ணி. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் யாருடைய கார்டிலும் பணம் எடுக்கப்படாது. இந்த விதி உங்களையும்தான் காப்பாற்றுகிறது, ஏனென்றால் பாதிப் பணத்தோடு முழு வாக்குறுதியைச் சுமக்க வேண்டியிருக்காது. வந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற முறையில் போடும் கேம்பெய்னில் இந்தக் காப்பு கிடையாது. மோல்டு, சான்றிதழ் போன்ற பெரிய நிலைச்செலவு உள்ள பொருளுக்கு அந்த முறை வேண்டாம். கேம்பெய்ன் முடிந்து பணம் எடுக்கும்போது சில கார்டுகள் தோல்வியடையும் என்பதால், கணக்கில் வந்த இலக்குக்கு மேல் நான்கைந்து சதவீதம் சேர்த்தே வையுங்கள்.

பெட்டியை அளந்து பாருங்கள்

கூரியர் செலவைக் கண்மதிப்பில் போடுபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். வான்வழிக் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5,000-ஆல் வகுத்து, வரும் எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நம் விளக்கு 900 கிராம். பெட்டி 30 × 20 × 15. பெருக்கினால் 9,000, வகுத்தால் 1.8. ஆக 1.8 கிலோவுக்கான கட்டணம். விளக்கின் கழுத்தை மடங்கும்படி மாற்றிப் பெட்டியை 28 × 14 × 8 ஆக்கினால் 0.63 வரும். அப்போது உண்மை எடையான 0.9 கிலோவுக்குத்தான் கட்டணம். தொழிற்சாலையோடு ஒரு மாதம் பேரம் பேசிக் கிடைக்கும் சேமிப்பைவிட ஒரு கீல் தரும் சேமிப்பு பெரியது. ஆகவே பெட்டியை ப்ரோட்டோடைப் கட்டத்திலேயே வடிவமையுங்கள்.

விளக்கோடு மின் அடாப்டர் தருவதா என்பதும் இதே வகைக் கேள்வி. தந்தால் நாட்டுக்கு நாடு பிளக் மாறும், மின்பாதுகாப்புச் சோதனைகளும் கூடும். யு.எஸ்.பி.-சி வழியாக ஓடும்படி வைத்து அடாப்டரைத் தவிர்த்தால் இருப்பு வகைகள் குறையும், பெட்டியும் சிறுக்கும். உள்ளே லித்தியம் பேட்டரி வைத்தால் யு.என். 38.3 சோதனை அறிக்கை இல்லாமல் கூரியர் எடுக்க மாட்டார்கள். அஞ்சல் வழிகள் பல அடைபடும். பேட்டரி வேண்டுமா என்பது பொறியியல் முடிவாகத் தோன்றும். உண்மையில் அது கேம்பெய்ன் லாபத்தை நேராகத் தொடும் முடிவு.

சுங்கமும் வரியும் தனி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் சிறு மதிப்புப் பார்சல்களுக்கு இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்குத் தந்துவந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவைத்தது. பழைய கட்டுரைகளில் உள்ள டெலிவரி ஆலோசனைகளை அப்படியே எடுத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வரியை நீங்கள் கட்டுகிறீர்களா, வாங்குபவர் கட்டுகிறாரா என்பதைப் பக்கத்திலேயே தெளிவாக எழுதுங்கள். வீட்டு வாசலில் எதிர்பாராத வரிச்சீட்டோடு வரும் பார்சலைப் பலர் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போக, வர இரண்டு கூரியர் செலவும் உங்கள் தலையில் விழும்.

கூட்டம் எங்கிருந்து வரும்?

தளத்தில் பக்கம் போட்டால் அங்கே உலவுபவர்கள் தாமாக வந்து வாங்குவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. தளம் தானாகக் கூட்டம் சேர்ப்பது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெய்னுக்குத்தான். பணம் வரும் வேகம் எப்போதும் இரண்டு முனையும் உயர்ந்து நடு பள்ளமாக இருக்கும்: முதல் இரண்டு நாள், கடைசி இரண்டு நாள். முதல் இரண்டு நாளில் இலக்கின் 30% அளவு வந்துவிட்டால் தளத்தின் பட்டியல்களில் மேலே ஏறும், புதியவர்கள் நம்பி வருவார்கள். அந்த முதல் அலையை நீங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

95 டாலர் கணக்குப்படி 658 பேர் வேண்டும். அதில் 30% என்றால் 198 பேர். இவர்கள் யார், யார்? மின்னஞ்சல் பட்டியலில் இருப்பவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் வாங்குவார்கள் என்று எச்சரிக்கையாக வைத்தால், 198 பேருக்கு 6,600 முகவரிகள் வேண்டும். நண்பர்கள், உறவினர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் முப்பது பேர் தேறினால் பெரிது. சமூக வலைத்தளத்தில் பின்தொடர்பவர் எண்ணிக்கையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். லைக் போடுபவரும் கார்டு எடுப்பவரும் வேறு வேறு ஆட்கள்.

6,600 முகவரி சேர்க்க விளம்பரம் போட்டால், ஒரு முகவரிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு முகவரிக்கு 2 டாலர் என்றால் 13,200 டாலர். நம் 19,000 டாலர் நிலைச்செலவோடு இதையும் சேர்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஏற்கெனவே வாடிக்கையாளர் பட்டியலோ, அந்தத் துறை ஆர்வலர்கள் கூடும் குழுக்களில் நல்ல பெயரோ உள்ளவருக்குக் கிரவுட்ஃபண்டிங் கட்டுபடியாவதும், யாரும் அறியாத நிறுவனத்துக்குக் கட்டுபடியாகாததும் பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான்.

இரண்டு வாரச் சோதனை

தாளில் போட்ட ஊகங்களைச் சிறு செலவில் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ப்ரோட்டோடைப்பின் நான்கு நல்ல புகைப்படங்கள், என்ன செய்யும் என்று ஐந்து வரி, உத்தேச விலை. இவ்வளவோடு ஒற்றைப் பக்கம் போடுங்கள். விலையை மறைக்காதீர்கள். விலை தெரியாமல் சேரும் முகவரிகளுக்கு மதிப்பு குறைவு. சிறு விளம்பரத் தொகையை இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் போட்டு, குறைந்தது 200 முகவரி சேருங்கள். முகவரி தந்தவரிடம் அடுத்த திரையில், 1 டாலர் முன்பணம் கட்டினால் தொடக்கநாள் விலை உறுதி என்று கேளுங்கள். பக்கத்தில் எழுதியபடியே, கேட்டால் அந்த ஒரு டாலரைத் திருப்பித் தர வேண்டும்.

மின்னஞ்சல் தருவது எளிது, ஒரு டாலர் என்றாலும் கார்டை எடுப்பது வேறு. 200-இல் 15, 20 பேர் கட்டினால் பொருளில் உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று பேர்தான் என்றால் படத்தையும் விளக்கத்தையும் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அதே நிலை என்றால் கேம்பெய்ன் அதைச் சரிசெய்யாது. கட்டியவர்களில் பத்துப் பேரிடமாவது தொலைபேசியில் பேசுங்கள். எதற்காக வாங்குகிறார்கள் என்று அவர்கள் சொல்லும் வார்த்தைகளையே பின்னால் பக்கத்தின் தலைப்பாக வைக்கலாம்.

காலண்டர்

பட்டியல் சேர்க்க மூன்று முதல் ஆறு மாதம். கேம்பெய்ன் 30 நாள். கிக்ஸ்டார்ட்டர் 60 நாள்வரை அனுமதித்தாலும் 30 நாளே போதும், நீட்டினால் நடுப்பள்ளம்தான் நீளும். முடிந்தபின் பணம் கைக்கு வர இரண்டு வாரம். பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்.

மோல்டுக்குப் பாதிப் பணம் முன்பே கட்ட வேண்டியிருக்கும். மோல்டிலிருந்து வரும் முதல் மாதிரிகள் சரியாக வருவது அபூர்வம். பிளாஸ்டிக் தடித்த இடத்தில் குழி விழுந்திருக்கும், மூடி ஒரு மூலையில் அரை மில்லிமீட்டர் தூக்கியிருக்கும், நிறம் ஒப்பாது. உலோகத்தைச் செதுக்கிக் குறைக்கலாம், செதுக்கியதைச் சேர்ப்பது கடினம். அதனால் ஒவ்வொரு திருத்தமும் வாரக்கணக்கில் இழுக்கும். இப்படி இரண்டு மூன்று சுற்று. இடையில் ஒரு மின்னணுப் பாகம் கிடைக்காமல் போனால் சர்க்யூட் போர்டையே மாற்றி, சான்றிதழ் சோதனையை மறுபடி செய்ய நேரும். சீனாவில் தயாரிப்பதென்றால் சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ஏற்றுமதி என்று தேதி போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் தருவதாகச் சொன்ன கேம்பெய்ன்களில் 75 சதவீதத்துக்கும் மேல் தாமதமாகவே தந்தன என்று கண்டார். கிக்ஸ்டார்ட்டர் பற்றி அவர் அடுத்த ஆண்டு செய்த ஆய்வில், வெற்றிபெற்ற கேம்பெய்ன்களில் சுமார் 9% கடைசிவரை பொருளைத் தரவில்லை. ஆகவே தொழிற்சாலை சொல்லும் மாதக்கணக்கை ஒன்றரை மடங்காக்கி அதைப் பக்கத்தில் எழுதுங்கள். கேம்பெய்ன் ஓடும் 30 நாளும் ஒருவர் முழுநேரமாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதன்பின் டெலிவரி முடியும்வரை மாதம் ஒருமுறையாவது நிலவரம் எழுத வேண்டும். தாமதத்தை ஆதரவாளர்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள், மௌனத்தைப் பொறுக்க மாட்டார்கள்.

மொத்தம் கூட்டினால் ஒன்றரை வருடம். உங்கள் குழுவில் இரண்டு பேரின் ஒன்றரை வருடச் சம்பளம் எவ்வளவு? அதையும் தாளில் எழுதுங்கள். அந்தத் தொகை யாரிடமிருந்து வரும் என்று தெரியாவிட்டால், ஆதரவாளர்கள் பணத்திலிருந்துதான் மெல்ல மெல்லக் கரையும்.

எங்கெல்லாம் சறுக்கும்

வெற்றியே பெரிய சறுக்கல் ஆகலாம். பெபிள் கைக்கடிகாரம் 2012-இல் 1 லட்சம் டாலர் கேட்டு, 68,929 பேரிடமிருந்து 1 கோடியே 2 லட்சத்துக்கும் மேல் பெற்றது. செப்டம்பரில் தருவதாகச் சொன்னது, மறு ஆண்டு ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கியது. அவர்கள் சமாளித்தார்கள். ஸானோ என்ற சிறு ட்ரோன் சமாளிக்கவில்லை. 12,000 பேருக்கு மேல் தந்த 23 லட்சம் பவுண்டோடு 2015 நவம்பரில் அந்த நிறுவனம் முழுகியது. கையால் பற்றவைத்து 300 செய்ய முடிந்த குழு 10,000 செய்ய முடியும் என்று அர்த்தமில்லை. தளத்தில் ஒவ்வொரு விலைநிலைக்கும் எண்ணிக்கை வரம்பு வைக்க வசதி உண்டு. உங்கள் தொழிற்சாலை உறுதியாகச் சொன்ன எண்ணிக்கைக்கு மேல் போகவிடாதீர்கள்.

இலக்கைத் தாண்டியதும் "இன்னொரு நிறம் தருகிறோம், இன்னொரு வசதி சேர்க்கிறோம்" என்று உற்சாகத்தில் சொல்லிவிடும் ஆசை வரும். மூன்று நிறம், மூன்று வகை பிளக் என்றால் ஒன்பது வகை இருப்பு. ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்கும், பேக்கிங் செய்பவர் தவறு செய்யும் வாய்ப்பும் ஒன்பது மடங்கு. சேர்க்கத்தான் வேண்டுமென்றால் பெட்டியின் அளவையும் மோல்டையும் தொடாத ஏதாவது சேருங்கள்.

போலிகள் வரும். ஃபிட்ஜெட் க்யூப் என்ற கைவிளையாட்டுப் பொருள் 2016-இல் 64 லட்சம் டாலர் திரட்டிய சமயத்தில், அசல் கைக்கு வருவதற்கு முன்பே அதைப் பார்த்துச் செய்தவை சந்தையில் விற்றுக்கொண்டிருந்தன. கேம்பெய்ன் பக்கம் என்பது உங்கள் வடிவமைப்பையும், எத்தனை பேர் வாங்கத் தயார் என்ற கணக்கையும் உலகத்துக்கே காட்டும் சன்னல். காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதென்றால் பக்கம் திறக்கும் முன்பே செய்துவிட வேண்டும். அமெரிக்கா ஒரு வருடச் சலுகை தருகிறது, ஐரோப்பா உட்படப் பல இடங்களில் வெளிப்படுத்திய பின் விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று நிராகரிப்பார்கள்.

வரியில் ஒரு சிக்கல் மறைந்திருக்கிறது. வந்த பணம் பல நாடுகளில் வருமானமாகவே கருதப்படும். கணக்காண்டு முடிவதற்கு ஒரு மாதம் முன் பணம் வந்து, தயாரிப்புச் செலவு அடுத்த ஆண்டில் விழுந்தால், செலவே இல்லாத வருமானம்போல் வரி கேட்கும் நிலை வரலாம். தேதி குறிக்கும் முன் ஆடிட்டரிடம் பத்து நிமிடம் பேசினால் போதும்.

பணம் அல்லாத காரணங்கள்

முதல் தேறினால் போதும், லாபம் வேண்டாம் என்றும் ஒருவர் இறங்கலாம். 700 பேர் முன்பணம் கட்டி வாங்கினார்கள் என்பது முதலீட்டாளர் முன்னும் பெரிய கடைகள் முன்னும் வலுவான சான்று. பெபிள் அந்த வழியில்தான் வளர்ந்தது. முதலீட்டாளர்கள் தயங்கிய பொருளுக்கு மக்கள் பதில் சொன்னார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: கிக்ஸ்டார்ட்டரில் தோற்ற கேம்பெய்னின் பக்கம் அழியாது. தேடினால் கிடைக்கும், முதலீட்டாளர் கண்ணிலும் படும். தோல்வி நிரந்தர முத்திரை என்று சொல்லவில்லை. கூலஸ்ட் கூலரே 2013-இல் 1,25,000 டாலர் கேட்டுத் தோற்றுவிட்டு மறு ஆண்டு கோடைக்காலத்தில் திரும்பி வந்துதான் சாதனை படைத்தது. ஐஸ்பெட்டியைக் குளிர்காலத்தில் விற்கப் போனது முதல் முயற்சியின் ஒரு பிழை. பருவம் பார்ப்பதும் கணக்கின் ஒரு பகுதிதான்.

சொந்தத் தளத்திலேயே முன்பதிவு வாங்குவது ஒரு மாற்று வழி. லாக்கிட்ரான் என்ற ஸ்மார்ட் பூட்டு 2012-இல் அப்படித்தான் செய்தது, குளோஃபோர்ஜ் என்ற லேசர் வெட்டும் கருவி 2015-இல் முப்பது நாளில் 2 கோடியே 79 லட்சம் டாலருக்கு முன்பதிவு எடுத்தது. தளக் கட்டணம் 5% மிச்சம். ஆனால் தாமதம் அவர்களையும் விடவில்லை, கூட்டத்தை முழுக்க நீங்களே அழைத்துவர வேண்டியதும் மாறவில்லை. உங்களிடம் பெரிய பட்டியல் இருந்தால் இதையே முதலில் பாருங்கள். பட்டியலே இல்லாதவர், மோல்டு போடாமல் கையாலோ 3டி பிரிண்டரிலோ ஐம்பது செய்து நேரடியாக விற்பதே நல்லது. அந்த ஐம்பது பேர்தான் பின்னால் வரும் கேம்பெய்னுக்கு முதல் சாட்சிகள்.

முடிவெடுக்கும் நாள்

தாளில் இப்போது நான்கு எண்கள் இருக்கும்: முதல் தேறத் தேவையான ஆட்கள், முதல் இரண்டு நாளில் வேண்டியவர்கள், அவர்களைச் சேர்க்க ஆகும் செலவு, குழுவின் ஒன்றரை வருடச் சம்பளம். கடைசி இரண்டையும் தாங்க வழி இருந்து, முதல் இரண்டையும் இரண்டு வாரச் சோதனை ஆதரித்தால் இறங்கலாம். ஆட்கள் கணக்கு மட்டும் எட்டவில்லை என்றால் முதலில் விலையையும் பெட்டியையும் திருத்திப் பாருங்கள், பெரும்பாலும் தீர்வு அங்கேதான் கிடைக்கும். விலையை ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள், ஏற்றாவிட்டால் கட்டுபடியாகாது என்ற நிலை வந்தால் அது பொருளின் பிரச்சினை. திரும்ப வரைபலகைக்குப் போக வேண்டியதுதான்.

இறங்குவது என்று முடிவானால், திறப்புத் தேதிக்கு முப்பது நாள் முன்பு ஒரு சரிபார்ப்பு நாளைக் குறித்து வையுங்கள். நம் விளக்குக்கு, முதல் இரண்டு நாள் 198 பேர். முன்பணம் கட்டியவர்களில் பத்துக்கு மூன்று பேர் உடனே வருவார்கள் என்று வைத்தால், 120 முன்பணத்துக்கு 36 பேர், அதோடு 5,400 முகவரிக்கு 162 பேர். அந்த நாளில் பட்டியலைத் திறந்து இந்த இரண்டு எண்களும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். 80 முன்பணம், 3,000 முகவரிதான் இருக்கிறது என்றால், வீடியோ தயாராகிவிட்டது, பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது என்ற காரணங்களுக்காகத் திறக்காதீர்கள். தேதியை ஆறு வாரம் தள்ளி, முன்பணம் கட்டியவர்களுக்கு ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் எழுதி, மறுபடி எண்ணத் தொடங்குங்கள்.